ஆண் உடலில் ஆக்சிடோசின்: சுருங்குவது எது, சுருக்குவது எது?

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆக்சிடோசினை இரண்டு இடங்களில் அறிவார்கள். ஒன்று பிரசவ அறை. வலி எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் டிரிப்பில் கலந்து ஏற்றுவார்கள். குழந்தை பிறந்த கையோடு தொடையில் 10 யூனிட் ஊசியாகவும் போடுவார்கள். கருப்பை இறுகினால்தான் இரத்தப்போக்கு நிற்கும். கல்வராயன் மலைமேல் பிரசவமாகிற பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு இறக்கிக்கொண்டு வருவதற்குள் நேரம் ஓடிவிடும் என்பதால், அங்கே இந்தச் சிறு குப்பிக்கு மதிப்பு இன்னும் அதிகம். அதை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும்.

இன்னொரு இடம் மாட்டுக்கொட்டகை. கன்று செத்த மாடு சுரப்பு விடாமல் நின்றால், பெயர் ஒட்டாத குப்பியிலிருந்து ஒரு ஊசி போட, சற்று நேரத்தில் பால் இறங்கிவிடும். இந்தப் பழக்கம் வட இந்திய எருமைப் பண்ணைகளில் பரவலாக இருந்தது. நம் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் கேள்விப்படாத ஊர் இல்லை.

இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேலை: தசையைச் சுருக்குவது. கருப்பையில் அது மென்தசை. மடியில் மென்தசையை ஒத்த செல்கள். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் குடல், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவரில் தானாக இயங்கும் தசைக்குத்தான் மென்தசை என்று பெயர். ஆணுக்குக் கருப்பையும் இல்லை, பால் மடியும் இல்லை. ஆனாலும் ஆணின் மூளை அதே ஆக்சிடோசினைச் சுரக்கிறது; பிட்யூட்டரியின் பின்மடலில் சேர்த்தும் வைக்கிறது. எதற்காக? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உடலியல் ஆய்வாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. விடை பாதிதான் கிடைத்திருக்கிறது. கிடைத்த பாதியும் பலர் எதிர்பார்த்த பாதி இல்லை.

கதை 1906-இல் லண்டனில் ஹென்றி டேலிடம் தொடங்குகிறது. மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றைக் கொடுத்தபோது பூனையின் கருப்பை சுருங்குவதை அவர் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே சாறு பாலையும் இறக்கும் என்று தெரிந்தது. 1953-இல் அமெரிக்க வேதியியலர் வின்சென்ட் டு விக்னோ அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு அது. அதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: உடலில் நீரைத் தக்கவைத்து, இரத்தக்குழாயை இறுக்கும் வாசோபிரெசின். ஒன்பதில் இரண்டே அமினோ அமிலங்கள்தான் இவற்றுக்குள் வேறுபாடு. இந்த நெருங்கிய ஒற்றுமையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பெரிய குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆக்சிடோசின் தசைச் செல்லின் மேல் இருக்கும் ஏற்பிப் புரதத்தில் போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பியின் மரபணுவை 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஒட்டியவுடன் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. கால்சியம் உயர்ந்தால் தசைநார்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஆக, ஒரு திசு ஆக்சிடோசினுக்கு எவ்வளவு சுருங்கும் என்பது இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிடோசின் ஓடுகிறது என்பதை மட்டும் பொறுத்ததில்லை. அந்தத் திசுவில் எத்தனை ஏற்பிகள் முளைத்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. நிறைமாதக் கருப்பையில் ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. அதனால்தான் முன்மாதங்களில் கண்டுகொள்ளாத அளவு மருந்துக்கு அது நிறைமாதத்தில் துடித்துச் சுருங்குகிறது. ஆண் உறுப்புகளிலும் ஏற்பிகளை ஏற்றி இறக்குவது பாலின ஹார்மோன்களே. வியப்பாக, ஈஸ்ட்ரஜனுக்கு இதில் பெரும் பங்கு.

ஆணுக்கு ஆக்சிடோசின் சுரக்கிறதா என்ற முதல் கேள்விக்கு மிக அழகான விடை பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து 1961-இல் வந்தது. தெபாக்கர், பீட்டர்ஸ், டைட்டன்ஸ் என்ற மூவர் ஒரு கிடாவின் இரத்த ஓட்டத்தையும் பால் கொடுக்கும் ஒரு பெட்டை ஆட்டின் இரத்த ஓட்டத்தையும் குழாய் வழியாக இணைத்தார்கள். கிடாவின் விந்துப்பைப் பகுதியைத் தூண்டினார்கள். பெட்டையின் மடியில் பால் இறங்கியது. அந்தக் காலத்தில் இரத்தத்தில் இம்மியளவு ஹார்மோனை அளக்கும் கருவி கிடையாது. மடியையே அளவுகோலாக்கிய கெட்டிக்காரத்தனம் இது. ஆடு மாடு வளர்ப்பவர் எவருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும் பரிசோதனை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பிற்பாடு வந்த பல விலையுயர்ந்த ஆய்வுகளைவிட இதில்தான் சந்தேகத்துக்கு இடம் குறைவு. பின்னர் பொலிகாளைகளிலும் இதையொத்த சுரப்பு காட்டப்பட்டது. 1987-இல் மனித ஆண்களின் இரத்தத்தை நேரடியாக அளந்தார்கள்: கிளர்ச்சியின்போது வாசோபிரெசின் உயர்கிறது, விந்து வெளிப்படும் நேரத்தில் அது தணிந்து ஆக்சிடோசின் எகிறுகிறது.

எனவே சுரப்பது உறுதி. எகிறும் ஆக்சிடோசின் என்ன செய்கிறது என்பதில்தான் வழக்கு.

விந்தணு பிறந்து வெளியேறும் பாதை நெடியது. அந்தப் பாதை நெடுக மென்தசை. தொடக்கம் விந்தகத்துக்குள் இருக்கும் நுண்குழல்கள். அவற்றின் சுவரில் தசைபோன்ற மெல்லிய செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. விந்தகத்திலேயே ஆக்சிடோசின் இருப்பதை 1984-இல் ஹெலன் நிக்கல்சனும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். பிட்யூட்டரியிலிருந்து வருவதற்குக் காத்திராமல் உள்ளூரிலேயே தயாராகும் சரக்கு. எலியின் நுண்குழல்களைப் பிரித்தெடுத்து ஆக்சிடோசினில் வைத்தால் அசைவு கூடுகிறது. விந்தணு முதிரும் சுழற்சியில் அந்தக் குழல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த அசைவு மாறுபடுகிறது. முதிர்ந்த விந்தணுவுக்கு அந்தக் கட்டத்தில் நீந்தத் தெரியாது. யாராவது தள்ளிவிட வேண்டும். அந்தத் தள்ளலில் ஆக்சிடோசினுக்கும் ஒரு கை இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்து எபிடிடைமிஸ். விந்தகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சுருளை நீட்டினால் மனிதனில் ஐந்தாறு மீட்டர் வரும். காளையில் 30 மீட்டருக்கும் மேல். விந்தணு இதைக் கடக்க நாட்கணக்கில் ஆகிறது. அந்த நாட்களில்தான் அது நீந்தவும் கருவுறச் செய்யவும் பழகுகிறது. அவசரப்பட்டுத் தள்ளினால் பிஞ்சு விந்தணு போய்ச் சேரும், தாமதித்தால் கிழடாகிவிடும். ஆகவே இங்கே சுருக்கத்தின் வேகமே இனப்பெருக்கத்தின் தரம். அசைபோடும் மாட்டின் கழுத்தில் உருண்டை ஏறுவது வெளியிலிருந்தே தெரியுமே, அப்படி ஓர் அலை இந்தச் சுருளின் தொடக்கப் பகுதியில் ஓய்வில்லாமல் நரம்புத் தூண்டலே இன்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பகுதியான வால் வேறு மாதிரி: அங்கே தசை தடிமன், நரம்புகள் அடர்த்தி. அது சேமிப்புக் கிடங்கு. அழைப்பு வரும்வரை அமைதி காத்து, வந்ததும் ஒரே அமுக்காக அமுக்கும்.

ஆக்சிடோசினின் ஆண்பால் வேலைக்கு மிகத் தெளிவான சான்று இந்த எபிடிடைமிஸில்தான் இருக்கிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் ஆய்வாளர்கள் மனிதன், முயல் இரண்டின் எபிடிடைமிஸிலும் ஏற்பியை அடையாளம் கண்டு, அது உண்மையில் வேலை செய்கிறது என்பதை 2002-இல் காட்டினார்கள். ஈஸ்ட்ரஜன் இருந்தால் எதிர்வினை வலுக்கிறது. நியூசிலாந்தில் 1999-இல் வெளியான ஆய்வில் கிடாக்களுக்கு ஆக்சிடோசின் கொடுத்தபோது வால்பகுதியிலிருந்து வெளியேறும் விந்தணு எண்ணிக்கை கூடியது. ஸ்வீடனில் 1963-லேயே முயலில் இதைப் போன்ற விளைவைக் கண்டிருந்தார்கள். கிடாவிலும் முயலிலும் நடப்பதை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது வேறு விஷயம்.

விந்து நாளத்தைப் பற்றி நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை வழியாக எல்லோரும் ஓரளவு அறிவார்கள்; வெட்டிக் கட்டுவது அதைத்தான். அதன் தசை மிகத் தடிமன். ஆனால் அதை இயக்குவது முதன்மையாக நரம்பு முனைகள் விடும் நோரட்ரினலினும் ஏடிபியும்தான். ஆக்சிடோசினின் பங்கு இங்கே கொசுறு.

ஆண்குறியில் நிலைமை தலைகீழ். விறைப்பு என்பது பஞ்சுத் திசுவின் மென்தசை தளர்ந்து இரத்தம் நிறைவது. சுருங்கினால் விறைப்பு அடங்கிவிடும். அந்தத் திசுவிலும் ஆக்சிடோசின் ஏற்பி இருக்கிறது, அது சுருக்கத்தையே தருகிறது என்று அதே ஃபுளோரன்ஸ் குழு 2004-இல் எழுதியது. அதாவது உள்ளூரில் ஆக்சிடோசின் விறைப்பைக் கலைக்கிறது. ஆனால் இத்தாலியின் சார்தீனியத் தீவில் அர்ஜோலாஸ், மெலிஸ் குழு 1980-களிலிருந்து வேறொன்றைக் காட்டிவந்தது: அதே ஆக்சிடோசினை எலியின் மூளைக்குள் செலுத்தினால் விறைப்பு உண்டாகிறது. மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கு இறங்கும் நரம்புகள் ஆக்சிடோசினைத் தூதுப் பொருளாகப் பயன்படுத்துகின்றன. மேலே தொடக்கி வைக்கும் அதே பொருள் கீழே முடித்து வைக்கிறது. உடலுக்கு இதில் முரண் எதுவும் இல்லை. ‘காதல் ஹார்மோன்’ என்று பட்டம் சூட்டி மூக்கில் உறிஞ்சும் மருந்தாக இணையத்தில் விற்பவர்கள்தான் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

இனி அந்த உடன்பிறப்பான வாசோபிரெசினுக்கு வருவோம். திசுத் துண்டைத் தொட்டியில் தொங்கவிட்டு ஆக்சிடோசினைச் சொட்டுகிறோம்; சுருங்குகிறது. ஆகவே ஆக்சிடோசின் ஏற்பிதான் காரணம் என்று எழுதிவிடலாமா? முடியாது. அளவு கூடினால் ஆக்சிடோசின் வாசோபிரெசினுக்குரிய ‘வி1ஏ’ ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். 2008-இல் குப்தாவும் உடன் பணியாற்றியவர்களும் எலி, முயல் இரண்டின் விந்து வெளியேற்றத் திசுக்களை எடுத்து, இரண்டு ஏற்பிகளையும் தனித்தனியே அடைத்துப் பார்த்தார்கள். ஆக்சிடோசின் ஏற்பியை அடைத்தால் சுருக்கம் நிற்கவில்லை. வி1ஏ-வை அடைத்தால் நின்றது. அதாவது ஆக்சிடோசின் பெயரில் எழுதிவைத்த பல சுருக்கங்கள் வாசோபிரெசின் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கியவை. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க 2000 முதல் ஐரோப்பாவில் பயன்படும் அட்டோசிபான் மருந்தும் இரண்டு ஏற்பிகளையும் அடைக்கக்கூடியதே. அதை மட்டும் வைத்துச் செய்த பழைய ஆய்வுகளின் முடிவை முகமதிப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முழு உடலை நோக்கி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆக்சிடோசின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1996-இல் உருவாக்கினார்கள். தாய்ச்சுண்டெலிகளால் பால் கொடுக்க முடியவில்லை, குட்டிகள் செத்தன. ஆண் சுண்டெலிகளோ வழக்கம்போல் இணைந்து, வழக்கம்போல் குட்டிகளுக்குத் தகப்பனாயின. ஆணின் விந்துப் பாதைக்கு ஆக்சிடோசின் இன்றியமையாதது என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. மனிதர்களில், விந்தணு மிகக் குறைந்த ஆண்களுக்கு ஜெர்மனியின் மூன்ஸ்டரில் ஆக்சிடோசினை நரம்பில் ஏற்றிப் பார்த்து, விந்தணு எண்ணிக்கையில் பலன் இல்லை என்று 2003-இல் அறிவித்தார்கள். விந்து முந்துதலுக்கு எதிர் மருந்தாக ஆக்சிடோசின் ஏற்பியை அடைக்கும் எபெல்சிபான் வந்தது. வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் நடக்கவில்லை. மூளைக்குள்ளும் நுழையக்கூடிய கிளிகோசிபான் அடுத்து வந்தது. சிறிய சோதனையில் பலன் தெரிந்தது. 2019-இல் வெளியான பெரிய சோதனையில் அதுவும் தேறவில்லை.

என் கணிப்பு இது: ஆண் இனப்பெருக்கப் பாதையில் வண்டியை ஓட்டுவது நோரட்ரினலின் விடும் நரம்புகள். ஆக்சிடோசின் அதன் பக்கத்தில் நின்று, ஈஸ்ட்ரஜன் அனுமதிக்கும் அளவுக்கு, சில இடங்களில் மட்டும் வேகம் கூட்டும் துணை. அது இல்லாவிட்டாலும் மற்றவை ஈடுகட்டிக்கொள்ளும். கருப்பையையும் மடியையும் பார்த்துப் பழகிய கண்ணால் ஆண் உறுப்பையும் பார்த்ததுதான் அறுபது ஆண்டு ஏமாற்றங்களுக்கு வேர்.

இந்த முடிவுக்கு நம் ஊரில் நடைமுறை மதிப்பு உண்டு. பால் இறக்கும் ஊசியால் பாலில் ஆக்சிடோசின் கலந்து, குடிக்கும் பையன்களுக்கு ஆண்மைக் குறைவு வரும் என்ற பேச்சு டீக்கடைகளில் ஓயாமல் நடக்கிறது. ஆண்மைக்கு லேகியம் விற்கும் சுவரொட்டிகளுக்கும் இந்தப் பயம் நல்ல தீனி. ஆக்சிடோசின் ஒரு சிறு புரதத் துணுக்கு. குடலில் செரித்துப் போகும். இரத்தத்துக்குள் நேராகச் செலுத்தினால்கூட சில நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஊசி போட்டதால் பாலில் ஆக்சிடோசின் அளவு மாறவில்லை, செரிமானத்தில் அது விரைவாகச் சிதைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஊசிக்கு எதிராகப் பேச வேண்டியது மாட்டின் பக்கத்திலிருந்து. பால் கறக்க மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான பொருளை ஊசியாகப் போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்தப் பீதியின் விலை என்ன என்பதை 2018-இல் பார்த்தோம். மாட்டுக்குப் போடுவதைத் தடுப்பதாகச் சொல்லி, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு ஆக்சிடோசின் தயாரிப்பதை மத்திய அரசு அந்த ஏப்ரல் 27 அன்று தடைசெய்து, பெங்களூருவின் கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற ஒரே பொதுத்துறை நிறுவனத்திடம் விட்டது. நாட்டின் அத்தனை பிரசவ அறைகளும் ஒரே ஆலையை நம்பி நிற்கும் நிலை. டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று அந்தத் தடையை ரத்து செய்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொட்டகைத் தவறுக்கு மலையில் பிரசவிக்கும் பெண்ணைத் தண்டிக்கப் பார்த்த முடிவு அது என்றே இன்றும் நினைக்கிறேன்.

காளைக்கு ஆக்சிடோசின் போட்டால் விந்து கூடுமா என்று கேட்பவர்களும் உண்டு. கிடா ஆய்வுகள் சொல்வது கிடங்கில் இருப்பதைச் சற்று முன்னதாக வெளியே தள்ளலாம் என்பதைத்தான். உற்பத்தி பெருகும் என்பதை அல்ல. இங்கே சினை ஊசிக்கு வரும் உறைவிந்து பொலிகாளை நிலையங்களிலிருந்து வருகிறது. அங்கே தீவனமும் ஓய்வும் சேகரிப்பு இடைவெளியும் சாதிப்பதை எந்தக் குப்பியும் சாதிக்காது.

உண்மையான நம்பிக்கை இருக்கும் இடம் புராஸ்டேட். வயதான ஆண்களுக்கு அது வீங்கி மூத்திரப் பாதையை நெருக்குகிறது. இரவில் நான்கு முறை எழுந்தும் நீர் முழுதாக இறங்காது. நெருக்கத்துக்குக் காரணம் இரண்டு: சுரப்பி பருத்துப்போவது, அதற்குள் இருக்கும் மென்தசை இறுகுவது. இறுக்கத்துக்கு டாம்சுலோசின் கொடுக்கிறார்கள். சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பருமனைக் குறைக்க, டெஸ்டோஸ்டிரோனை வீரியமான வடிவமாக மாற்றும் நொதியை அடைக்கும் ஃபினாஸ்டெரைடு கொடுக்கிறார்கள். ஆக்சிடோசினின் சுவாரசியம், அது இரண்டு பக்கமும் தலைகாட்டுவதுதான்: தசையைச் சுருக்குகிறது, அந்த நொதியையும் தூண்டுகிறது என்று நிக்கல்சன் குழுவின் ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பெட்டி எக்சிந்தாரிஸ் குழு மனிதப் புராஸ்டேட் துண்டுகளில் ஆக்சிடோசின் எதிர்ப்பிகளை, அதாவது அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகளைச் சோதித்து, தசை இறுக்கம் குறைவதை 2021-இல் வெளியிட்டது. விந்து முந்துதலில் தோற்ற கிளிகோசிபான் போன்ற மருந்துகளுக்கு இது மறுவாழ்வாகலாம். ஆனால் துண்டில் தளர்ந்தது உடலிலும் தளரும் என்பதற்கு மேலே சொன்ன தோல்விகளுக்குப் பிறகு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இதில் நம் பகுதி வெறுமனே படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. சின்னசேலத்தை ஒட்டித் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-இல் திறந்த கால்நடைப் பூங்காவும் அதிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். புராஸ்டேட் அறுவையில் வழித்தெடுக்கும் துணுக்கு, ஆடறுக்கும் கூடத்தில் வீணாகப் போகும் கிடாவின் எபிடிடைமிஸ், திசுவைத் தொங்கவிட ஆக்சிஜன் ஏற்றிய ஒரு தொட்டி, ஆக்சிடோசின் ஏற்பிக்கு ஒன்றும் வி1ஏ ஏற்பிக்கு ஒன்றுமாக இரண்டு எதிர்ப்பி மருந்துகள், நெறிமுறைக் குழுவின் அனுமதி: தொடங்க இவ்வளவு போதும். எலியிலும் முயலிலும் குப்தா கேட்ட கேள்வியை முதலில் உள்ளூர்க் கிடாவிடம் கேட்கலாம். வயது வாரியாக, ஈஸ்ட்ரஜன் சேர்த்தும் சேர்க்காமலும் கேட்டால் இன்னும் நல்லது.